கருந்துளை ஒரு துகள் முடுக்கியா?



2009-ஆம் ஆண்டு 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் சில பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் மூவர்: சிலே நாட்டின் மாக்சிமோ பன்யாதோஸ், இங்கிலாந்தில் பணியாற்றிய ஜோசப் சில்க், ஸ்டீவன் வெஸ்ட். அவர்கள் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். மிக வேகமாகச் சுழலும் கருந்துளையின் விளிம்பருகே இரண்டு துகள்கள் மோதினால், அந்த மோதலின் ஆற்றலுக்கு மேல்வரம்பே கிடையாது. ஜெனீவாவுக்கு அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் சுரங்கம் தோண்டி, பல்லாயிரம் பேர் பல ஆண்டுகள் உழைத்து, பெரும் ஹாட்ரான் மோதுவியில் நாம் எட்டிப்பிடித்த மோதல் ஆற்றலை, ஒரு கருந்துளை சும்மா இருந்தபடியே தாண்டிவிடும் என்பது அதன் பொருள்.

செய்தித்தாள்களுக்கு இது கொண்டாட்டம்தான். இயற்பியலாளர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இதையொட்டிக் குவிந்த கட்டுரைகள் ஏராளம். அவற்றில் பல, இன்னொரு வகைக் கருந்துளையை எடுத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டவை. அவற்றை விட்டுவிடுவோம். எஞ்சியவை மூன்று கேள்விகளைக் கேட்டன. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உண்மையான கருந்துளைக்கு அது வாய்க்குமா? வாய்த்தாலும் நம் கைக்கு வந்து சேருமா? இன்றைய பேச்சு இந்த மூன்றையும் பற்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆற்றல் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால், யார் நின்று அளந்த ஆற்றல் என்று கேட்க வேண்டும். இந்த விவகாரத்தில் பலர் சறுக்கியது அங்கேதான்.

சுழலும் கருந்துளையிலிருந்து தொடங்குவோம். சுழலாத கருந்துளையின் வடிவியலைக் கார்ல் ஷ்வார்ஷில்ட் 1916-இல் வெளியிட்டார். சுழலும் கருந்துளைக்கான தீர்வு கிடைக்க இன்னும் 47 ஆண்டுகள் ஆயின. நியூசிலாந்துக்காரரான ராய் கெர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1963-இல் அதைக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் டல்லஸ் நகரில் கூடிய வானியற்பியல் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசவும் செய்தார். அப்போது பலர் எழுந்து வெளியே போனார்கள், உள்ளே இருந்தவர்களில் சிலர் தூங்கினார்கள் என்று கிப் தோர்ன் எழுதியிருக்கிறார். கிரேக்க அறிஞர் பாபபெட்ரூ எழுந்து நின்று அவையைக் கடிந்துகொள்ள வேண்டியிருந்ததாம். மாணவர்களே, உங்கள் முதல் ஆய்வுரைக்கு அரங்கு காலியாக இருந்தால் மனம் தளர வேண்டாம்.

கெர் தீர்வின் அழகு, அதற்கு இரண்டே எண்கள் போதும் என்பது: நிறை, கோண உந்தம். பிரபஞ்சத்தில் சுழலும் கருந்துளை எங்கே இருந்தாலும், அது எந்த விண்மீன் சரிந்து உண்டானதாக இருந்தாலும், கடைசியில் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரை இந்த அழகுதான் பிடித்துக்கொண்டது. விண்மீன்களை விட்டுக் கருந்துளைகளுக்கு நகர்ந்த அவர், ஆண்டுக்கணக்கில் கெர் வடிவியலோடு மல்லுக்கட்டி 1983-இல் 'கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு' என்ற பெருநூலை வெளியிட்டார். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் அதே ஆண்டுதான். பரிசு என்னவோ விண்மீன்கள் பற்றிய பழைய வேலைக்கு.

சுழற்சியை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கம். 0 என்றால் சுழலவில்லை. 1 என்றால், அதற்கு மேல் சுழன்றால் கருந்துளையின் விளிம்பான நிகழ்வெல்லையே இல்லாமல் போய்விடும் என்ற உச்சநிலை. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. கற்பனை என்று நினைக்க வேண்டாம். நம் பூமியும் இதைச் செய்கிறது. 'கிராவிட்டி புரோப் பி' செயற்கைக்கோளால் அதை அளந்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு பாகையின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதன் சுழலிகள் திரும்பின. பூமிக்கு அவ்வளவுதான் வலு. கருந்துளையை நெருங்கினாலோ, ஒரு பகுதிக்குள் எந்தப் பொருளும் சுழலாமல் நிற்கவே முடியாது. எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தாலும் முடியாது. எர்கோ மண்டலம் என்று அதற்குப் பெயர். அதற்குள் போன பொருள் வெளியே வரலாம். வர முடியாத இடம் அதற்கும் உள்ளே இருக்கும் நிகழ்வெல்லை.

இனி மோதல். துகள் இயற்பியலில் ஒரு துகள் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது முக்கியமே இல்லை. இரண்டும் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கின்றன என்பதே முக்கியம். நெடுஞ்சாலையில் ஒரே திசையில் விரையும் இரண்டு பேருந்துகள் உரசிக்கொண்டால் பெயின்ட் போகும். எதிரெதிரே வந்தால் கதையே வேறு. இரண்டின் கூட்டு உந்தம் சுழியாகத் தெரியும் ஒரு பார்வையிலிருந்து அளக்கும் ஆற்றலை நிறைமைய ஆற்றல் என்கிறோம். புதிய துகள் பிறப்பதற்குச் செலவிடக்கூடிய பணம் அதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வானில் ஓர் அண்டக்கதிர்த் துகள் நுழைந்தது. அதன் ஆற்றல் சுமார் 3 × 10²⁰ எலக்ட்ரான்வோல்ட். ஜெனீவாவின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் ஒரு புரோட்டானுக்கு ஊட்டும் ஆற்றலைப் போல 4 கோடி மடங்குக்கும் மேல். ஆனால் அது வந்து மோதியது சும்மா நின்றுகொண்டிருந்த காற்றின் அணுக்கருவில். நிறைமைய ஆற்றலைக் கணக்கிட்டால், அணுக்கருவில் உள்ள ஒரு புரோட்டானோடு மோதியதாகக் கொண்டு, மோதுவியின் 13.6 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்டைப் போல 50 மடங்கு சொச்சம்தான் வரும். 4 கோடி எங்கே, 50 எங்கே. எஞ்சியதெல்லாம் சிதறல்களை முன்னோக்கித் தள்ளுவதிலேயே போய்விடுகிறது.

இப்போது சுழலாத கருந்துளைக்கு வருவோம். வெகுதொலைவில் அசைவற்றிருந்த இரண்டு புரோட்டான்கள் அதை நோக்கி விழுகின்றன. விளிம்பை நெருங்க நெருங்க, அங்கே நிற்கும் ஒரு பார்வையாளரின் கண்ணுக்கு இரண்டின் வேகமும் ஒளியின் வேகத்தை எட்டுகிறது. அப்படியானால் மோதல் பயங்கரமாக இருக்க வேண்டுமே? இல்லை. இரண்டும் உள்நோக்கி, ஒரே திசையில் பாய்கின்றன. முன்பு சொன்ன பேருந்துகள்தான். கோண உந்தத்தை எதிரெதிராக வைத்து எவ்வளவு சாமர்த்தியம் செய்தாலும், மோதலின் நிறைமைய ஆற்றல் ஒரு துகளின் ஓய்வு ஆற்றலைப் போல 2√5 மடங்கைத் தாண்டாது. அதாவது 4.47. இரண்டு துகள்கள் அசையாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலே 2 மடங்கு இருக்குமே! இவ்வளவு பெரிய பள்ளத்தில் விழுந்து கிடைத்த லாபம் அவ்வளவுதான்.

சுழற்சி வந்ததும் இந்தக் கணக்கு உடைகிறது. அது எப்படி உடைகிறது என்பதில்தான் 2009 கட்டுரையின் சாரம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சுழற்சி 1 என்ற உச்சநிலைக் கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவில் ஓய்விலிருந்து கிளம்பும் துகள் அதன் விளிம்பு வரை போய்ச் சேர வேண்டுமானால், அதன் கோண உந்தம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். கருந்துளையின் நிறையையும் துகளின் நிறையையும் அலகாக வைத்துச் சொன்னால், எதிர்த்திசையில் 4.83-க்கு மேல் போகக்கூடாது. சுழற்சியின் திசையில் 2-க்கு மேல் போகக்கூடாது. மீறினால் துகள் பாதிவழியில் திரும்பிவிடும். அந்த 2 என்ற மதிப்பில் இருக்கும் துகளை நெருக்கடித் துகள் என்போம். அது திரும்புவதும் இல்லை, விழுவதும் இல்லை. உள்ளே விழுவதற்கும் வெளியே வீசப்படுவதற்கும் நடுவே, கத்தி முனையில் இருக்கிறது. விளிம்பின் சுழற்சியோடு ஒத்துச் சுழன்றபடி, சுற்றுக்குச் சுற்று விளிம்பை நெருங்கிக்கொண்டே இருக்கும். அதன் சொந்தக் கடிகாரப்படியே போய்ச் சேர முடிவிலா நேரம் ஆகும்.

இப்போது இரண்டாவது துகள் வருகிறது. அதற்கு எந்த விசேஷக் கோண உந்தமும் கிடையாது, சாதாரணமாக விழுகிறது. விளிம்பருகே வெளியோடு சேர்ந்து சுழலும் பார்வையாளர் ஒருவரை நிறுத்துங்கள். சாதாரணத் துகள் அவரைக் கடக்கும்போது ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் கடக்கும். நெருக்கடித் துகளின் வேகமோ ஒளியின் வேகத்துக்குத் தெளிவாகக் கீழேயே நின்றுவிடும். ஒன்று ஒளிவேகம், மற்றொன்று அப்படியில்லை. எனவே ஒன்றையொன்று பார்க்கும்போதும் வேகம் ஒளிவேகத்தையே எட்டுகிறது. மோதும் இடம் விளிம்புக்கு எவ்வளவு அருகிலோ, நிறைமைய ஆற்றல் அவ்வளவு பெரிது. எல்லையே இல்லை. உக்ரைனின் ஒலெக் ஸாஸ்லவ்ஸ்கி இந்த விளக்கத்தைத் தெளிவாக எழுதினார். சூத்திரங்களுக்குள் புதைந்து கிடந்ததை மூன்று வரியில் புரியும்படி செய்த வேலை அது. எனக்கு மூலக் கட்டுரையைவிட இந்த விளக்கம்தான் பிடிக்கும்.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கருந்துளை இங்கே எதையும் உதைத்துத் தள்ளவில்லை. ஒரு துகளை விளிம்பில் தாமதிக்க வைக்கிறது. மற்றொன்றை வழக்கம்போல விழ விடுகிறது. முடுக்கி என்ற பெயர் கொஞ்சம் அதிகப்படிதான்.

இரண்டாவது கேள்வி, உண்மையான கருந்துளைக்கு இது வாய்க்குமா என்பது. கட்டுரை வந்த சில மாதங்களுக்குள் இரண்டு தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. இமானுவேலே பெர்ட்டியும் நண்பர்களும் ஒரு பக்கம். டெட் ஜேக்கப்சனும் தாமஸ் சோத்திரியூவும் இன்னொரு பக்கம். அவர்கள் கைவைத்த இடம் அந்த '1'. இயற்கையில் சுழற்சி 1 உள்ள கருந்துளை கிடையாது. 1974-இல் கிப் தோர்ன் இதற்கொரு காரணம் காட்டியிருந்தார். கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வாயுத் தட்டிலிருந்து பொருளை விழுங்கித்தான் சுழற்சியைப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் அந்தத் தட்டு ஒளியையும் உமிழ்கிறது. சுழற்சிக்கு எதிராக வரும் ஒளித்துகள்களைக் கருந்துளை எளிதாக விழுங்குகிறது. கூடவே வருபவற்றை அவ்வளவு எளிதில் விழுங்குவதில்லை. எதிரானவையே அதிகம் உள்ளே போவதால் அவை தடை போடுகின்றன. ஏற்றமும் தடையும் சமமாகும் இடம் 0.998.

0.998-க்கும் 1-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இங்கேதான் சூத்திரம் விளையாடுகிறது. உச்சநிலைக்கு எவ்வளவு குறைகிறது என்ற எண்ணை எடுங்கள், 0.998-க்கு அது 0.002. அதற்கு நான்காம் படிமூலம் காணுங்கள். 4.06-ஐ அதனால் வகுத்தால், ஒரு துகளின் ஓய்வு ஆற்றலைப் போல எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது வந்துவிடும். விடை சுமார் 19. புரோட்டானின் ஓய்வு ஆற்றல் 93.8 கோடி எலக்ட்ரான்வோல்ட். எனவே மோதல் ஆற்றல் கிட்டத்தட்ட 1,800 கோடி எலக்ட்ரான்வோல்ட். ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் 1971-இல் ஓடத் தொடங்கிய முதல் புரோட்டான் மோதுவி 6,200 கோடி வரை போயிற்று. வரம்பற்ற ஆற்றல் என்று முழங்கிய கருந்துளை, என் தலைமுறை பள்ளியில் படித்த காலத்து இயந்திரத்திடம் தோற்றுவிட்டது!

நான்காம் படிமூலம் எவ்வளவு கஞ்சத்தனமானது என்பதை மாணவர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கினால் ஆற்றல் பத்து மடங்குதான் கூடும். இன்றைய பெரும் மோதுவியின் ஆற்றலை எட்ட வேண்டுமானால் குறை 6 × 10⁻¹⁵ அளவுக்கு இறங்க வேண்டும், அதாவது 0.99 என்று தொடங்கி ஒன்பதுகள் மட்டுமே பதினான்கு. ஈர்ப்பும் குவாண்டமும் சந்திக்கும் பிளாங்க் ஆற்றலை எட்ட வேண்டுமென்றால் எழுபதுக்கும் மேற்பட்ட ஒன்பதுகள் எழுத வேண்டும். நம் பால்வழியில் வேகமாகச் சுழல்பவை என்று பெயர் பெற்ற ஜிஆர்எஸ் 1915+105, சிக்னஸ் எக்ஸ்-1 ஆகியவற்றுக்கு 0.98-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் மதிப்புகள் வந்திருக்கின்றன. அந்த மதிப்புகளும் வாயுத் தட்டு பற்றிய அனுமானங்களைச் சார்ந்தவை. மூன்றாவது ஒன்பதைப் பற்றிச் சண்டை போடும் நிலையில்தான் வானியல் இருக்கிறது.

நேரமும் ஒரு தடை. இதை நானே தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன், விடை கொஞ்சம் வியப்பாக இருந்தது. சூரியனைப் போல 10 மடங்கு நிறையுள்ள, சரியான உச்சநிலைக் கருந்துளை ஒன்று கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிளாங்க் ஆற்றலில் மோதும் அளவுக்கு நெருக்கடித் துகள் விளிம்பை நெருங்க, தொலைவில் இருக்கும் நம் கடிகாரப்படி 10²⁶ ஆண்டுகள் என்ற அளவில் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள், அதாவது 10¹⁰ சொச்சம். ஆனால் ஜெனீவா மோதுவியின் ஆற்றலோடு நிறுத்திக்கொள்வதென்றால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும்! ஆக, மிதமான ஆசைக்கு நேரம் பகையில்லை. பகை அந்தப் பதினான்கு ஒன்பதுகள்தான். பேராசைக்கு இரண்டுமே பகை. இத்தனை நேரம் விளிம்பில் சுற்றும் துகள் ஈர்ப்பலைகளை உமிழ்ந்து தன் கோண உந்தத்தை இழக்கும், விழும் ஒவ்வொரு துகளும் கருந்துளையின் சுழற்சியை மாற்றும் என்பவற்றையும் மறுப்பாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

உச்சநிலையை எட்டவே முடியாது என்பது கருந்துளை இயக்கவியலின் மூன்றாம் விதியாக 1973 முதல் சொல்லப்பட்டு வந்தது. 2022-இல் கிறிஸ்டோப் கேலேயும் ரயன் உங்கரும், மின்னேற்றம் கொண்ட கருந்துளைகள் விஷயத்தில் அந்த விதி பொய் என்று கணிதத்தில் நிறுவினார்கள். சுழலும் கருந்துளைக்கு அதே முடிவை யாரும் இன்னும் நிறுவவில்லை. கணிதத்தில் விருப்பமுள்ள மாணவர்கள் இங்கே காது கொடுக்கலாம்.

மாற்றுவழிகளையும் தேடினார்கள். ரஷ்யாவின் கிரிப், பாவ்லோவ் இருவரும் நெருக்கடி நிலையில் உள்ள துகள் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை, விளிம்பருகே நடக்கும் முதல் மோதலே அப்படியொன்றை உண்டாக்கலாம் என்றார்கள். ஜப்பானின் ஹராடா, கிமுரா இருவரும் வாயுத் தட்டின் உள் ஓரத்திலிருந்து நழுவி விழும் துகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே கோண உந்தம் யாரும் நுணுக்கி வைக்காமலேயே நெருக்கடி மதிப்பின் பக்கம் வந்து நிற்கிறது என்பது நல்ல கவனிப்பு. இந்தியாவில் மந்தார் பாட்டீலும் பங்கஜ் ஜோஷியும் நிகழ்வெல்லையே இல்லாத வெற்றுச் சிறப்புப் புள்ளிகளில் இதே கணக்கைப் போட்டு, அங்கே வெளியே வரும் துகளும் உள்ளே விழும் துகளும் நேருக்கு நேர் மோதலாம் என்று காட்டினார்கள். அப்படிப்பட்ட பொருள்கள் உண்டா என்பது வேறு வழக்கு.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். எனக்கு இதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். மோதலில் என்ன பிறந்தாலும், அது ஏறி வெளியே வர வேண்டும். விளிம்பருகே பிறந்தது மேலே வரும்போது தன் ஆற்றலைக் கப்பம் கட்டிக்கொண்டே வருகிறது. உள்ளே கோடி ரூபாய்க்கு நடந்த வியாபாரம் வெளியே எத்தனை ரூபாயாகத் தெரியும்?

இந்தக் கேள்வி 2009-ஐவிட மிகப் பழையது. 1969-இல் ரோஜர் பென்ரோஸ் ஒரு வழி சொன்னார். எர்கோ மண்டலத்துக்குள் ஒரு துகள் இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு, தொலைவிலிருந்து கணக்கிட்டால் எதிர்க்குறி ஆற்றலோடு உள்ளே விழுகிறது. மற்றது, போன துகளைவிட அதிக ஆற்றலோடு வெளியே வருகிறது. அந்த உபரி கருந்துளையின் சுழற்சியிலிருந்து பிடுங்கியது. எவ்வளவு பிடுங்கலாம்? 100 போட்டால் அதிகபட்சம் 121. ஆனால் 1974-இல் ராபர்ட் வால்ட் ஒரு நிபந்தனையைக் கண்டார். உடையும் துண்டுகள் ஒன்றைவிட்டொன்று ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் பிரிய வேண்டும். தானாக உடையும் எந்தத் துகள் அப்படிப் பிரியப்போகிறது?

மோதல் அப்படிப் பிரிக்குமே என்று 1975-இல் எழுதியவர்கள் ட்ஸ்வி பிரான், யாக்கோவ் ஷஹாம், ஜோசப் காட்ஸ் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள். விளிம்பருகே நிறைமைய ஆற்றல் வெகுவாக ஏறும் என்பதும் அவர்கள் வேலையிலேயே இருக்கிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதைக் கேட்பாரில்லை. 2009-க்குப் பிறகு எல்லோரும் பழைய இதழ்களைத் தூசி தட்டினார்கள். பிரானே மறுபடி களத்தில் இறங்கினார். 2012-இல் மீகாவ் பெய்கர், மாரெக் அப்ரமோவிச் முதலியோரோடு சேர்ந்து அவர் போட்ட கணக்கு ஏமாற்றமான விடையைத் தந்தது. மோதலின் நிறைமைய ஆற்றல் எவ்வளவு உயர்ந்தாலும், வெளியே தப்பி வரும் துகளின் ஆற்றல் போட்டதில் 129 விழுக்காட்டைத் தாண்டாது. உள்ளே முடிவிலி, வெளியே 1.29. ஹராடாவின் குழு வேறு வகை மோதல்களை எடுத்துக்கொண்டு அதை 146 ஆக்கியது. கரும்பொருள் துகள்கள் இப்படி மோதி அழியும்போது வரும் ஒளியைத் தொலைநோக்கியில் பார்க்கலாம் என்ற ஆசையும் மூல ஆசிரியர்களுக்கு இருந்தது. 2013-இல் ஷான் மெக்வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், விளிம்பை ஒட்டி நடப்பவற்றின் ஒளி நம்மை வந்தடையும்போது எவ்வளவு தேய்ந்துவிடும் என்று கணக்கிட்டு, கருந்துளை துகள் முடுக்கியும் இல்லை, கரும்பொருளைக் காட்டும் கருவியும் இல்லை என்று தன் கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார்.

கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2014-இல் நாசாவின் ஜெரமி ஷ்னிட்மன் பிடித்த ஒரு நூல் அதைத் திரும்பத் திறந்தது. அதுவரை எல்லோரும் இரண்டு துகள்களும் உள்நோக்கி வரும்போது மோதுவதாகவே வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். கணினியில் துகள்களின் பாதைகளை வகைவகையாக ஓட்டிப் பார்த்த ஷ்னிட்மன் வேறொன்றைக் கவனித்தார். கோண உந்தம் நெருக்கடி மதிப்பைவிட ஒரு இழை கூடுதலாக இருந்தால், துகள் விளிம்பருகே வரை போய், திரும்பி வெளியே வரத் தொடங்குகிறது. அப்படி வெளியே வரும் வழியில், உள்ளே விழும் இன்னொன்றோடு அது மோதினால்? பிறக்கும் துகளுக்கு வெளிநோக்கிய உந்தம் முதலிலேயே கிடைத்துவிடுகிறது. தப்பிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. மேல்வரம்பு 129-லிருந்து 1,392 விழுக்காட்டுக்குத் தாவியது. போட்டதைப் போல கிட்டத்தட்ட 14 மடங்கு! அந்த எண் 2-ஐயும் √3-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் வருவது; கணினி கண்டதைப் பிறகு காகிதத்தில் நிறுவினார்கள்.

துகளின் பாதையைத் தரும் சமன்பாடு நாற்பது ஆண்டுகளாக எல்லோர் மேசையிலும் இருந்தது. அதில் ஒரு வர்க்கமூலத்துக்கு இரண்டு குறிகள் சாத்தியம்: உள்நோக்கிய பாதைக்கு ஒன்று, வெளிநோக்கிய பாதைக்கு ஒன்று. உள்நோக்கிய குறியையே எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு பெர்ட்டி, பிரிட்டோ, கார்டோசோ ஆகியோர் இன்னும் ஒரு படி போய், வெளிநோக்கிய துகளின் கோண உந்தம் நெருக்கடிக்குக் குறைவாக இருந்தால் வரம்பே இல்லை என்றார்கள். 2009-இல் வரம்பின்மையை மறுத்த அதே பெர்ட்டிதான்! ஆனால் அப்படியொரு துகள் தொலைவிலிருந்து வர இயலாது. அங்கேயே ஏதோவொரு மோதலில் பிறந்திருக்க வேண்டும். அதைப் பிறப்பிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்தால் லாபம் கரைந்துவிடும் என்று லைடர்ஷ்னைடரோடு சேர்ந்து பிரான் பதில் எழுதினார். எனக்குப் பிரானின் பக்கமே நியாயமாகப் படுகிறது. 14 மடங்கு என்பதும் உச்சநிலைக் கருந்துளைக்கு, குறி தவறாத மோதல்களுக்கு. அரிதாக ஒரு மோதல் அப்படி அமையலாம். மற்றவை விழுந்து போகும்.

அப்படியானால் கருந்துளைகளிலிருந்து ஆற்றல் கொட்டுகிறதே, எம்87 விண்மீன் திரளின் நடுவிலிருந்து ஐயாயிரம் ஒளியாண்டு நீளத்துக்குப் பாய்ந்து வரும் தாரையை எது தள்ளுகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஈர்ப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் விடுபட்டது காந்தப்புலம். 1977-இல் ரோஜர் பிளான்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்நாயெக்கும், சுழலும் கருந்துளையை ஊடுருவும் காந்தப்புலம் அதன் சுழற்சி ஆற்றலை எப்படி வெளியே கறக்கும் என்று காட்டினார்கள். 1985-இல் சஞ்சய் வாக், சஞ்சீவ் துரந்தர், நரேஷ் ததிச் என்ற மூன்று இந்தியர்கள் பென்ரோஸின் பழைய வழிக்கே காந்தப்புலத்தால் உயிர் கொடுத்தார்கள். வால்ட் போட்ட அந்த அரை ஒளிவேக நிபந்தனை இங்கே தேவையில்லை. துண்டுகளைப் பிரிக்கும் வேலையை மின்காந்தப் புலம் செய்துவிடுகிறது. அடுத்த ஆண்டே பார்த்தசாரதியையும் சேர்த்துக்கொண்டு, போட்டதற்கு மேல் வரும் உபரியே 100 விழுக்காட்டையும் தாண்டலாம் என்று எழுதினார்கள். 2009-க்குப் பின் வந்த ஆரவாரத்தில் இந்த வேலைக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். எம்87-இன் கருந்துளை சூரியனைப் போல 650 கோடி மடங்கு நிறையுள்ளது. அதன் அருகே காந்தப்புலம் 1 முதல் 30 காஸ் வரை இருக்கும் என்று 'ஈவென்ட் ஹொரைசன்' தொலைநோக்கிக் குழு 2021-இல் மதிப்பிட்டது. 10 காஸ் என்று வைத்துக்கொண்டு, கருந்துளையின் அளவாலும் ஒளியின் வேகத்தாலும் பெருக்குங்கள். சுழற்சி நன்றாக இருந்தால், கிடைக்கும் மின்னழுத்தம் 10¹⁸ வோல்ட் என்ற அளவில் வரும். ஒரு புரோட்டான் அதை முழுதாகத் தாண்டினால் 10¹⁸ எலக்ட்ரான்வோல்ட்டோடு வெளியே வரும், தொலைவில் நிற்கும் நாம் அளக்கும்படியாகவே. 0.998 சுழற்சியில் ஈர்ப்பு மட்டும் நடத்தும் மோதலில், விளிம்பில் நிற்பவர் அளப்பதே 1,800 கோடி, அதாவது 10¹⁰ சொச்சம்.

இந்த 10¹⁸ ஒரு மேல்வரம்புதான். கருந்துளையைச் சுற்றியுள்ள பிளாஸ்மா நல்ல கடத்தி. அந்த மின்னழுத்தத்தில் பெரும்பகுதியை அது குறுக்குச்சுற்றாக்கி அழித்துவிடும். எங்கே பிளாஸ்மா மெலிகிறதோ அங்கே மட்டும் மின்புலம் தலைதூக்கும், துகள்கள் பாயும், அவை உண்டாக்கும் எலக்ட்ரான், பாசிட்ரான் இணைகளே அந்த இடைவெளியைத் திரும்ப மூடும். இந்தத் திறப்பும் மூடலும் கெர் வடிவியலில் எந்த இடத்தில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நடக்கிறது என்பதைத் துகள் துகளாகக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை சில ஆண்டுகளாகத்தான் நடக்கிறது. குழுவுக்குக் குழு விடை இன்னும் வேறுபடுகிறது. நம் மாணவர்களில் யாராவது அதில் இறங்குவதானால், ஷ்னிட்மன் செய்ததைப் போல, வர்க்கமூலத்தின் இரண்டு குறிகளையும் எழுதிக்கொண்டு தொடங்கட்டும்.